வலைவழி வசப்படுத்தல் உரையாடல்கள்: தமிழ்த் தரவுக்கு வழி சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். சேலத்தில் மொழியியல் ஆய்வு செய்துவருகிறேன். பாலியல் சுரண்டலுக்காக இணையத்தில் நைச்சியமாகப் பேசிச் சிறுவர் சிறுமியரை வசப்படுத்துபவர்களின் உரையாடல் எப்படி நகர்கிறது என்பதே என் பொருள்.

ஆங்கிலத்தில் இதற்கு அடித்தளம் உண்டு. ஸ்வான்சி பல்கலைக்கழகத்தின் நூரியா லொரென்சோ-டுஸ் குழுவினர் 2016இல் இவர்களின் உத்திகளை நம்பிக்கை வளர்த்தல், தனிமைப்படுத்தல், பிள்ளை இணங்குகிறதா என்று சோதித்தல் எனப் பகுத்துக் காட்டினார்கள். இவை படிவரிசையில் வருவதில்லை, பின்னிப் பிணைந்தே வருகின்றன. ஆனால் அந்தக் குழு ஆராய்ந்த உரையாடல்களில் குழந்தையாகப் பேசியவர்கள் வேடமிட்ட பெரியவர்கள். உண்மையான பிள்ளை தயங்கி நிற்கும் இடத்தில் அவர்கள் பேச்சை வளர்த்திருப்பார்களே என்பதுதான் என் உறுத்தல்.

தமிழுக்கு வருவோம். நானே புனைந்த எடுத்துக்காட்டு: "சாப்பிட்டாயா தங்கச்சி?", சற்றுப் பொறுத்து, "அம்மா வேலையிலிருந்து வந்துவிட்டார்களா?" பார்த்தால் அக்கறை, உள்ளே வேவு. ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக உத்தியின் வகையைக் குறித்தால் இது கண்ணில் படாமல் நழுவிவிடும். முன்பின் வரிகளோடு சேர்த்துக் குறிக்க நல்ல முறை யாரிடமாவது இருக்கிறதா?

போக்சோ வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்கள், உரையாடல் மேற்கோள்கள் உள்ள, பிள்ளையின் அடையாளம் நீக்கப்பட்ட தீர்ப்புகளின் எண்களைத் தந்தால் பேருதவி. ஏற்காட்டு விடுதிப் பள்ளிகளின் ஆலோசகர்கள் வரிகளை வகைப்படுத்த நான் வைத்திருக்கும் குறியீட்டுப் பட்டியலைப் பார்த்துக் கருத்துச் சொன்னாலும் போதும்.

தயவுசெய்து இத்தகைய உரையாடல்களின் ஸ்கிரீன்ஷாட் எதையும் எனக்கு அனுப்பாதீர்கள். அது போலீசுக்கோ குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கோ போக வேண்டியது.