ஈர வாயுவில் வெஞ்சூரி மீட்டர்: ரீடிங் ஏன் கூடுகிறது, எங்கே கோட்டை விடுகிறோம்

கிணற்று வாயுவோடு கண்டன்சேட் (வாயுவிலிருந்து பிரியும் லேசான எண்ணெய்த் திரவம்) சேர்ந்து வந்தால், நடுவில் ஒடுங்கிய தொண்டை கொண்ட வெஞ்சூரி மீட்டர் வாயு ஓட்டத்தை உண்மையைவிடக் கூடுதலாகத்தான் காட்டும். தொண்டையில் வாயு வேகமெடுக்கும்போது திரவத்தையும் இழுத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. அதற்கான செலவும் டிபியில் (மீட்டர் அளக்கும் அழுத்த வேறுபாட்டில்) ஏறிவிடுகிறது. 4 அங்குலக் குழாய், பீட்டா (தொண்டை விட்டத்துக்கும் குழாய் விட்டத்துக்கும் உள்ள விகிதம்) 0.4, வாயு அடர்த்தி கன மீட்டருக்கு 35 கிலோ, கண்டன்சேட் 700 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாயு வினாடிக்கு 1.79 கிலோ, திரவம் 0.8 கிலோ. வாயு எவ்வளவு ஈரம் என்று சொல்லும் லாக்ஹார்ட்-மார்ட்டினெல்லி எண் 0.1. வாயுவின் ஃப்ரூட் எண் (வாயு வேகத்தை ஈர்ப்பு விசையோடு ஒப்பிடும் எண்) சுமார் 1.5, வெஞ்சூரி ஈர வாயுத் திருத்தத்துக்கு டி லீயூ 1997-இல் தந்த சூத்திரப்படி அடர்த்தி விகிதத்தின் அடுக்கு 0.41, அதிலிருந்து வரும் சிஸ்ஹோம் மாறிலி 3.71. மீட்டர் காட்டுவது 2.1 கிலோ, அதாவது 17.5 சதவீதம் அதிகம். ஃப்ரூட் எண்ணை உண்மை வாயு ஓட்டத்தை வைத்தே கணக்கிட வேண்டும் என்பதால், விடை நிலைக்கும்வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும்.

ஈர வாயுவுக்கு மர்டாக் தந்த பழைய திருத்த மாறிலி 1.26-ஐ இங்கே போடாதீர்கள், அது ஆரிஃபைஸுக்கு (துளைத்தட்டு மீட்டருக்கு) வந்தது.

* * *

சூத்திரம் சரிதான். ஆனால் திரவ அளவு வெளியிலிருந்து வர வேண்டுமே? மாதக்கணக்கில் பழைய டெஸ்ட் செபரேட்டர் (வாயுவையும் திரவத்தையும் பிரித்து அளக்கும் கலன்) எண்ணையே வைத்து ஓட்டுவார்கள். மேலே சொன்ன கணக்கில் திரவ-வாயு நிறை விகிதம் 0.45. அதை 0.35 என்று போட்டாலே கணக்கில் வரும் வாயு 3 சதவீதம் கூடிவிடும்.

திரவ அளவை அங்கேயே கணிக்க, தொண்டைக்குப் பின் குழாய் விரியும் விரிகூம்புக்கு அப்பால் மூன்றாவது டேப்பிங் (அழுத்தம் எடுக்கும் துளை) போட்டு, மொத்த அழுத்த இழப்பைத் தொண்டை டிபியால் வகுத்துப் பார்ப்பது நல்ல வழி. உலர் வாயுவில் அந்த விகிதம் எவ்வளவு என்று முதலிலேயே அளந்து வைத்திருக்க வேண்டும். திரவம் மிஞ்சினால் விகிதம் அசையாமல் நின்றுவிடும். அதற்கு மேல் அதை நம்ப முடியாது.

* * *

டேப்பிங்கிலிருந்து டிபி டிரான்ஸ்மிட்டருக்கு அழுத்தத்தைக் கொண்டுபோகும் மெல்லிய குழாயான இம்பல்ஸ் லைனை இதுவரை சொல்லவே இல்லை! கிடைக்குழாயில் டேப்பிங் மேல்பக்கம், டிரான்ஸ்மிட்டர் அதற்கும் மேலே, லைன் நெடுக ஏற்றம். நடுவில் ஒரு தொய்வுகூடக் கூடாது. ஒரு பக்க லைனில் மட்டும் 10 செ.மீ. உயரத்துக்குக் கண்டன்சேட் தங்கினால் 6.5 மில்லிபார் பிழை. ஓட்டம் தணிந்து டிபி 50 மில்லிபாருக்கு இறங்கிய கிணற்றில், அது ஓட்டக்கணக்கில் 6 சதவீதத்துக்கு மேல். மேனிஃபோல்டில் (டிரான்ஸ்மிட்டரை ஒட்டிய வால்வுத் தொகுதியில்) ஈக்வலைஸ் செய்து, அதாவது இரு பக்க அழுத்தத்தையும் சமமாக்கி, ஜீரோ பார்த்தால் இது தெரியவே தெரியாது. அந்தச் சோதனை டிரான்ஸ்மிட்டரை மட்டும்தான் பார்க்கிறது. லைனை வடித்துவிட்டு, முன்னும் பின்னும் டிபியை ஒப்பிடுங்கள்.

டிபி ஒரே எண்ணில் உறைந்து நின்றால் லைனில் ஹைட்ரேட் (நீரும் வாயுவும் சேர்ந்து உறையும் பனிக்கட்டி போன்ற பொருள்) அடைத்திருக்கலாம். மெத்தனாலும் ஹீட் ட்ரேசிங்கும் (லைனைச் சூடாக வைக்கும் ஏற்பாடும்) அங்கேதான் வேண்டும்.