காவலர் உடல் கேமரா: டெண்டர் ஆவணத்தில் எதையெல்லாம் எழுத வேண்டும்?

கேள்வி:
அரசுக் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். காவலர்கள் சட்டையில் மாட்டும் கேமரா 400 வாங்க டெண்டர் ஆவணம் தயாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இதுவரை நாற்காலி, பிரிண்டர், வாகன டயர்தான் வாங்கிப் பழக்கம். ஒரு நிறுவனம் முதல் வருடம் கேமரா இலவசம் என்கிறது. மேலதிகாரிக்கு அது பிடித்துவிட்டது. எனக்கு மட்டும் ஏதோ இடிக்கிறது.

பதில் 1:
சரியாகத்தான் இடிக்கிறது சார். நானும் இதே வேலையைச் செய்தவன். நீங்கள் வாங்கப்போவது கேமராவை அல்ல, பதிவுகளை வைத்துக் காக்கும் இடத்தை. ஒருவர் நாளுக்கு 3 மணி நேரம் பதிவு செய்தாலே சுமார் 5 ஜிபி ஆகிவிடும். 400 பேருக்குக் கணக்குப் போடுங்கள், தினமும் 2,000 ஜிபி. வழக்கு முடியும்வரை அழிக்கவும் முடியாது. மின் அதிர்ச்சித் துப்பாக்கியும் உடல் கேமராவும் தயாரிக்கும் அமெரிக்காவின் டேசர் நிறுவனம் 2017இல் ஆக்சன் என்று பெயர் மாற்றியபோது, அமெரிக்கக் காவல் துறைகளுக்குக் கேமராவோடு சேமிப்பு வசதியையும் ஒரு வருடம் இலவசமாகத் தருவதாக அறிவித்தது. பதிவுகள் ஓரிடத்தில் குவிந்துவிட்டால் அப்புறம் அங்கிருந்து நகர்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசியுங்கள்.

எங்கள் ஒப்பந்தத்தில் இதைக் கோட்டைவிட்டோம். நிறுவனம் மாறியதும் பழைய பதிவுகள் வேறு எந்த மென்பொருளிலும் திறக்கவில்லை. விசாரணை நாளன்று வழக்கறிஞர் முன்னால் கறுப்புத் திரையோடு உட்கார்ந்திருந்தேன். அதனால் விலைப்புள்ளியை 5 வருடச் சேமிப்போடு சேர்த்தே கேளுங்கள். ஒப்பந்தம் முடியும்போது எல்லாப் பதிவுகளையும், யார் எப்போது திறந்து பார்த்தார் என்ற விவரத்தோடு, பொதுவான வடிவத்தில் கட்டணமின்றித் திருப்பித் தர வேண்டும் என்றும் எழுதிவிடுங்கள்.

பதில் 2:
நான் மாட்டிக்கொண்டு பணி பார்க்கிறவன். கிளிப்பைக் கவனியுங்கள். சீட் பெல்ட் போட்டால் லென்ஸ் மறைகிறது. ஓடினால் கேமரா மேலே திரும்பி வானத்தைப் படம் பிடிக்கிறது. வாங்கும் முன் பத்துப் பேரிடம் ஒரு மாதம் கொடுத்துப் பாருங்கள்.

பதில் 3:
இதனால் பலன் உண்டா? அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள ரியால்டோ நகரில் 2012இல் தொடங்கிய ஆய்வில் பலப்பிரயோகம் பாதிக்கும் கீழே குறைந்தது. ஆனால் தலைநகர் வாஷிங்டனில் 2,000க்கும் மேற்பட்ட காவலர்களை வைத்துச் செய்த, 2017இல் வெளியான ஆய்வில் குறிப்பிடத்தக்க வித்தியாசமே தெரியவில்லை.

பதில் 1 (மீண்டும்):
நியாயமான கேள்வி. எப்போது பொத்தானை அழுத்த வேண்டும், யார் பார்க்கலாம் என்ற விதி இல்லாமல் கேமரா மட்டும் வாங்கினால் எந்தப் பலனும் இருக்காது. 2017இல் வெளியான, அமெரிக்காவின் பால்டிமோர் நகரக் காவலரின் கேமராப் பதிவு நினைவிருக்கிறதா? பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய 30 விநாடிகளையும் அந்தக் கேமரா ஒலியில்லாமல் சேமித்திருந்தது. அந்தக் காவலர் போதைப்பொருள் பொட்டலத்தைத் தானே குப்பைக்குள் வைப்பது அதில்தான் தெரிந்தது. இந்த முன்பதிவு வசதியைக் கட்டாயமாக்குங்கள். பேட்டரியை முன்பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே சோதியுங்கள், சீக்கிரம் இறங்கிவிடும்.

கேட்டவர்:
நன்றி. பேட்டரி 12 மணி நேரம் என்று மட்டும் எழுதியிருந்தேன். 'முன்பதிவு இயங்கும் நிலையில்' என்று இப்போதே சேர்க்கிறேன். கிளிப் சோதனைக்கு நாளை அனுமதி கேட்கப்போகிறேன்.