இன்வெர்ட்டர் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை, அவசர உதவி

மழைத்துளி:
புயல் வருகிறது, நாளை முழுக்க கரன்ட் இருக்காது என்கிறார்கள். எங்கள் இன்வெர்ட்டர் அரை மணிக்குள் பீப் அடித்து அணைந்துவிடுகிறது. புதிது வாங்குவதா, பேட்டரியை மட்டும் மாற்றுவதா? சீக்கிரம் சொல்லுங்கள்.

சுடர்:
பேட்டரி எத்தனை ஏஎச் (ஆம்பியர் அவர், அதாவது கொள்ளளவு)? எவ்வளவு பழசு? அதில் என்னென்ன ஓடுகிறது?

கடல்காற்று:
டிஸ்டில்டு வாட்டர் வற்றியிருக்கும். முக்கால்வாசி வீட்டில் இதுதான் கோளாறு. பேட்டரி மேலே தெரியும் நீர்மட்ட மிதவை இறங்கியிருந்தால் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் கருவி) கிடைத்தால் பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லையும் பாருங்கள்.

நேர்கோடு:
இதே கேள்வி எத்தனை முறை வந்தாச்சு! பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்கலாம். 150 ஏஎச், 12 வோல்ட் என்றால் 1800 வாட் அவர். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். அதனால் பாதி, 900 தான் கணக்கு; அதில் இன்வெர்ட்டர் தின்பது போக 750 சொச்சம் மிஞ்சும். 75 வாட் ஃபேன் இரண்டு, 9 வாட் எல்இடி நாலு, ரவுட்டர் ஒன்று: சுமார் நாலு மணி நேரம். வாங்கும் முன்பே போட வேண்டிய கணக்கு இது.

மழைத்துளி:
150 தான். மூன்று வருடம். ஃபேன், லைட், ஃப்ரிட்ஜ்.

சுடர்:
ஃப்ரிட்ஜை எதற்கு இன்வெர்ட்டரில் கொடுத்தீர்கள்? கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும். பழைய பேட்டரியில் வோல்டேஜ் சட்டென்று விழும், உடனே லோ பேட்டரி என்று அணைந்துவிடும்.

மழைத்துளி:
அம்மாவின் இன்சுலின் அதில்தான் இருக்கிறது.

தென்றல்7:
பேசாமல் சின்ன ஜெனரேட்டர் வாங்கி பால்கனியில் வைத்துவிடுங்கள்.

கடல்காற்று:
தயவுசெய்து வேண்டாம். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, திறந்த வெளியில்தான் வைக்க வேண்டும்.

தென்றல்7:
ஜன்னலைத் திறந்து வைத்தால் போதுமே? நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

கடல்காற்று:
போதாது. திறந்த ஜன்னல் வழியாகத்தான் அது உள்ளேயே வரும். இன்றைக்கே இடம் மாற்றுங்கள்.

நேர்கோடு:
ஜெனரேட்டருக்குத் தனி இழை இருக்கிறது.

சுடர்:
மழைத்துளி, நீங்கள் ஃப்ரிட்ஜை இன்வெர்ட்டர் லைனிலிருந்து எடுத்துவிடுங்கள். கதவைத் திறக்காமல் இருந்தால் கீழ்த்தட்டு சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சியாக இருக்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம் தாங்கும். அதனால் இன்றிரவே பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் அடைத்துவிடுங்கள். பிரித்துப் பயன்படுத்தும் இன்சுலின் பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே நாலு வாரம் வெளியிலேயே இருக்கலாம். வகைக்கு வகை மாறும், பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பாருங்கள். பிரிக்காததற்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். ஃப்ரிட்ஜ் குளிர் போனதும் அதைத் துணியில் சுற்றி, ஐஸ் பாட்டிலோடு வாயகன்ற ஃபிளாஸ்கில் வையுங்கள். ஐஸ் நேராகப் படக்கூடாது. உறைந்துபோன இன்சுலினை அப்புறம் போடவே கூடாது. மேல்தொட்டியையும் இப்போதே நிரப்பிவிடுங்கள்.

மழைத்துளி:
ஃப்ரிட்ஜை எடுத்தாச்சு. மெயினை அணைத்துப் பார்த்தேன், இரண்டு மணி நேரமாக ஓடுகிறது. ஹைட்ரோமீட்டரில் ஒரு செல் மட்டும் 1.180 காட்டுகிறது. மிக்க நன்றி.

நேர்கோடு:
முழு சார்ஜில் எடுத்த அளவா, ஓட்டிய பிறகா? மற்ற செல்கள் 1.240 பக்கம் இருக்கின்றனவா?