வளைகுடா வேலையை விட்டுவிட்டு ஊரில் ஆங்கில ஆசிரியர் ஆவது: வரலாமா, வேண்டாமா?

கரிசல்மகள்:
வணக்கம். மஸ்கட்டில் ஓர் இந்தியப் பள்ளியில் 6 முதல் 8 வரை ஆங்கிலம் எடுக்கிறேன். எம்.ஏ., பி.எட். இரண்டும் திருநெல்வேலியில் முடித்தவை. வருகிற மார்ச்சோடு இங்கே கணக்கு முடித்துக்கொண்டு, சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊருக்கே வந்துவிடலாம் என்று இருக்கிறேன். "ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் போடு, ஃபாரின் டீச்சர் என்று போர்டு வைத்தால் கூட்டம் அள்ளும்" என்கிறார்கள் வீட்டில். எனக்கு அதில் விருப்பமில்லை. காசு கொடுக்க முடிந்த பிள்ளைக்கு எப்படியும் ஒரு வழி கிடைத்துவிடும். பள்ளிக்கூடத்துக்குள் நிற்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தின் 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுதான். ஒரு வாக்கியம்கூட வாய்திறந்து பேசாமல் ஒரு பிள்ளை 95 வாங்கிவிடலாம். இங்கே நாங்கள் நடத்தும் சி.பி.எஸ்.இ.யில் பள்ளி அளவில் போடும் 20 மதிப்பெண்ணுக்குள் பேசுவதற்கும் கேட்டுப் புரிந்துகொள்வதற்கும் இடம் இருக்கிறது. அதனால் வாரத்தில் ஒரு பீரியடாவது பிள்ளைகளைப் பேசவிடுகிறோம். அந்த ஒரு பீரியடை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் கொண்டுவர முடியாதா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

குற்றாலச்சாரல்:
டீச்சர், நான் தென்காசி மாவட்டத்துல அரசு உயர்நிலைப் பள்ளியில ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியரா இருக்கேன். உங்க நல்லெண்ணத்துல எனக்குச் சந்தேகமே இல்ல. "அங்க பாத்தேன், இங்க கொண்டுவர்றேன்"ங்கிற இடத்துலதான் உடன்பாடு இல்ல.

உங்க வகுப்புப் பிள்ளையோட அப்பா அம்மா ரெண்டு பேரும் படிச்சிருப்பாங்க. பக்கத்து ஃபிளாட்ல மலையாளம், எதிர் ஃபிளாட்ல உருது. சேர்ந்து விளையாடணும்னாலே இங்கிலீஷ் வேணும். அங்க அது பொழங்குற மொழி. என் ஏழாம் வகுப்புல பாதிப் பிள்ளைங்களோட அம்மா பீடி சுத்துறவங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் பிள்ளைங்க இலை வெட்டிக் குடுக்கணும், முறத்துப் பக்கத்துலயே உக்காந்துதான் ஹோம்வொர்க். கடைசி மணி அடிச்சா அதோட இங்கிலீஷ் முடிஞ்சது. அடுத்த நாள் என் பீரியட்லதான் திரும்பக் காதுல விழும். வாரத்துக்கு ஒரு பீரியட் பேசவிட்டுட்டா இது சரியாகிடும்னு நான் நம்பல.

இன்னொண்ணு. புது முறைன்னா வெளிநாட்டுலேர்ந்துதான் வரணும்னு நம்ம ஆளுங்களுக்கு ஒரு நினைப்பு. 'டாஸ்க்' குடுத்து மொழி கத்துக்குடுக்குறதைப் பத்தி இன்னைக்கு உலகம் பூரா பேசுறாங்க. அதுக்கு வழிபோட்ட முக்கியமான முயற்சி, ஆங்கிலம் கற்பிக்கிற முறையை ஆராய்ஞ்ச என்.எஸ். பிரபு 1979-லேர்ந்து 1984 வரைக்கும் நடத்தின பெங்களூர் திட்டம். பெங்களூர், சென்னை, கடலூர்னு நம்ம பக்கத்துச் சாதாரணப் பள்ளிக்கூடங்கள்ல நடந்தது. இலக்கணத்தை வரிசையாச் சொல்லிக்குடுக்காம, ரயில் நேர அட்டவணையைக் கையில குடுத்து "இந்த வண்டியைப் பிடிச்சா எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம்"னு கேட்டாங்க. பிள்ளைங்க விடையைத் தேடும்போது மொழி தானா கூட வரும்ங்கிறது அவரோட எண்ணம். பின்னால அதை ஆராய்ஞ்சவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? திட்டத்துக்குன்னு வந்த நிபுணர்கள் எடுத்தப்ப ஓடின மாதிரி, வழக்கமான ஆசிரியர் கையில அது ஓடல. வெளியேர்ந்து ஒருத்தர் வந்து நல்லா செஞ்சு காட்டுறது ஒண்ணு, அது அங்க தங்குறது வேற.

காத்திருக்கும்_பட்டதாரி:
நான் இதை வேறு பக்கமிருந்து எதிர்க்கிறேன். டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் 6 முதல் 8 வரை எடுப்பவர்களுக்கான இரண்டாம் தாள் தேறிவிட்டு உட்கார்ந்திருப்பவன் நான். 2018-ல் அரசாணை 149 வந்தபிறகு டெட் தேறினால் மட்டும் அரசுப் பள்ளியில் வேலை கிடையாது, அதற்குமேல் ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும். பட்டதாரி ஆசிரியருக்கான அந்தத் தேர்வு அறிவிப்பு 2023 அக்டோபரில் வந்து, 2024 பிப்ரவரியில்தான் தேர்வு நடந்தது. அதுவரை நாங்கள் எங்கே இருந்தோம்? தனியார் பள்ளியில் 12,000-க்கும் 14,000-க்கும் வேலை பார்த்தோம். பள்ளி மேலாண்மைக் குழு மூலம் எடுக்கும் தற்காலிக இடத்துக்கே 2022-ல் 15,000 தான் நிர்ணயித்தார்கள். அதே வேலையை நிரந்தரமாகப் பார்ப்பவருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,400.

இப்போது வளைகுடாவில் சேமித்த பணத்தோடு நீங்கள் வருகிறீர்கள். "சம்பளம் எனக்கு முக்கியமில்லை, சேவைதான்" என்பீர்கள். தாளாளருக்கு இதைவிட இனிப்பான சொல் இருக்கிறதா? வெளிநாட்டு அனுபவம் உள்ளவரே 15,000-க்கு வரும்போது உனக்கு எதற்கு 20,000 என்று என்னைக் கேட்பார். உங்கள் சேவைக்கான விலையை நாங்கள் கட்டுகிறோம். இது கோபத்தில் எழுதுவதில்லை அக்கா, தினம் நடப்பது.

கடையநல்லூரான்:
தம்பி சொல்றது நியாயம். ஆனாலும் டீச்சரம்மா வரணும்னுதான் நான் சொல்லுவேன். துபாயில கட்டுமானக் கம்பெனியில ஃபோர்மேனா இருக்கேன். நம்ம பயலுவ டிப்ளமோ முடிச்சிட்டு வாரான். கைவேலையில அவனை அடிச்சிக்க ஆளு கிடையாது. சேஃப்டி மீட்டிங்குல "இந்த சாரம் சரியில்ல, மேல ஏற முடியாது"ன்னு இஞ்சினியர்கிட்ட சொல்ல வாய் வராம பேசாம ஏறிடுறான். பிலிப்பைன்ஸ் பையன் தப்பும் தவறுமா இங்கிலீஷ் பேசியே ஃபோர்மேன் ஆயிடுறான். இவன் பன்னெண்டாம் கிளாஸ்ல இங்கிலீஷ்ல 80 மார்க் எடுத்தவன். பேசுற இங்கிலீஷ் எங்களுக்குப் பகட்டு இல்ல, உயிரைக் காப்பாத்துற சமாச்சாரம். யாரு வந்து சொல்லிக்குடுத்தாலும் சரி, வந்தாப் போதும்.

கரிசல்மகள்:
மூவருக்கும் நன்றி. சாரல் சார், பிள்ளைகளின் வீட்டு நிலைமை எனக்குப் புதிதில்லை. நான் வளர்ந்ததும் அப்படியொரு வீட்டில்தான். வீட்டில் கேட்க வழியில்லாத பிள்ளைக்கு வகுப்பில்தானே சார் அதிகம் கேட்கக் கொடுக்க வேண்டும்? ஒரு பீரியட் 45 நிமிடம். வருகைப் பதிவு, நோட்டுத் திருத்தம் போக 30 நிமிடம் மிஞ்சும். அதிலும் பாடத்தை வரிவரியாகத் தமிழில் சொல்லி, கேள்வி பதிலைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் பிள்ளை காதில் விழும் ஆங்கிலம் எவ்வளவு? என் வகுப்பில் ஆங்கிலம் மட்டும்தான் என்று வைத்திருக்கிறேன். ஊரிலும் அப்படித்தான் செய்வேன். முதல் ஒரு மாதம் பிள்ளைகள் திணறுவார்கள், பிறகு பழகிவிடும்.

தம்பி, நீங்கள் எழுதியதற்கு யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். நாளை எழுதுகிறேன்.

குற்றாலச்சாரல்:
"பழகிவிடும்"னு லேசாச் சொல்லிட்டீங்க. அந்த ஒரு மாசத்துல பின்பெஞ்சுப் பிள்ளை வாயை மூடிக்கும். அதுக்கப்புறம் வருஷம் முழுக்கத் திறக்காது. கெட்டிக்காரப் பிள்ளைங்க பத்துப் பேர்கூட மட்டும் வகுப்பு நடக்கும். வெளியேர்ந்து பாக்குறவங்களுக்கு அது ரொம்ப நல்ல வகுப்பாத் தெரியும்.

தமிழ்ல சொல்றது நேர விரயம்னு நினைக்காதீங்க. ஒரு சின்ன விஷயம் சொல்றேன். நம்ம பிள்ளைங்க எல்லாம் "ஐ டிடின்ட் வென்ட்"னுதான் எழுதும். எத்தனை தடவை சிவப்பு மையில அடிச்சாலும் போகாது. நான் தமிழைத்தான் கேப்பேன்: "நேத்து கடைக்குப் போனேன், இதை மாத்தி இல்லைன்னு சொல்லு." "போகவில்லை"ன்னு சொல்லும். "போனேன்ல இருந்த இறந்த காலம் எங்கடா? 'போக'ன்னு நிக்குதே, அதுல காலம் இருக்கா?" கொஞ்சம் யோசிச்சிட்டு இல்லைம்பான். "இங்கிலீஷ்லயும் அதேதான். வென்ட், மறுத்துச் சொன்னா டிடின்ட் கோ. காலத்தை டிட் எடுத்துக்கிச்சு." அவ்வளவுதான். அடுத்த அஞ்சு நிமிஷம் ஒவ்வொருத்தனும் தான் நேத்து செய்யாத வேலையைச் சொல்லுவான். "சார், ஐ டிடின்ட் ஈட்", "ஐ டிடின்ட் ஸ்லீப்". பின்பெஞ்சும் சேர்ந்து பேசும். பிள்ளை ஏற்கெனவே சரளமாப் பேசுற மொழி ஒண்ணு இருக்கு. அதை வாசல்ல கழட்டி வச்சிட்டு வான்னு சொல்லாதீங்க.

தேக்காவிலிருந்து:
நான் ஏற்கெனவே இந்தப் பாதையில் வந்தவள் என்பதால் எழுதுகிறேன். சிங்கப்பூரில் ஒரு தனியார் ஆங்கில வகுப்பு நிலையத்தில் வேலை பார்த்துவிட்டுத் திருச்சிக்குத் திரும்பினேன். கையில் செல்ட்டா என்ற, ஆங்கிலம் கற்பிப்பதற்கான கேம்பிரிட்ஜ் சான்றிதழ் இருந்தது. குறைந்தது 120 மணி நேரப் படிப்பு, அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்கு முன் நின்று பாடம் எடுத்துக் காட்ட வேண்டும். பி.எட். படிப்பில் எனக்குக் கிடைக்காத பல விஷயங்களை அங்கே கற்றேன். ஆனால் இங்கே பள்ளி வேலைக்கு அது பி.எட். ஆகாது. உங்களிடம் பி.எட். இருப்பது பெரிய நிம்மதி.

நான் சேர்ந்த தனியார் பள்ளியில் முதல் வேலையாக என் படத்தைப் போட்டு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அட்மிஷன் முடிந்ததும் ஐந்து செக்‌ஷன் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் கிளாஸ்வொர்க், ஹோம்வொர்க், கிராமர் என்று தனித்தனி நோட்டு, எல்லாவற்றையும் வாராவாரம் திருத்த வேண்டும். பேசவிட்டால் பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வரும். ஆகவே வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் எத்தனை செக்‌ஷன், எத்தனை நோட்டு என்று கேட்டுவிடுங்கள். சம்பளத்தைக் கேட்பதைவிட இதுதான் முக்கியம்.

இவ்வளவுக்கும் பிறகும் வாருங்கள் என்றுதான் சொல்வேன். சிங்கப்பூர் தொடக்கப் பள்ளிகளில் ஸ்டெல்லார் என்று ஒரு முறை இருக்கிறது. ஆசிரியர் பெரிய எழுத்துக் கதைப் புத்தகத்தை எல்லோரும் பார்க்கும்படி வைத்து வாசிப்பார், பிள்ளைகள் கூடவே வாசிப்பார்கள், பிறகு ஆசிரியரும் பிள்ளைகளுமாகச் சேர்ந்து அதைப் பற்றி எழுதுவார்கள். அதை இங்கே புதுப் புத்தகம் வாங்காமலே செய்தேன். நம் பாடநூலில் ஒவ்வொரு அலகிலும் ஒரு துணைப்பாடக் கதை இருக்கிறதே, அதைச் சார்ட்டில் பெரிதாக எழுதி மாட்டினேன். கேட்டல், பேசுதல் பயிற்சியும் அதே புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது. தேர்வில் வராது என்பதால் எல்லோரும் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகிறோம். நீங்கள் மஸ்கட்டிலிருந்து தனியாக எதையும் சுமந்துவர வேண்டாம், அந்தப் பக்கத்தில் நின்றால் போதும். சாரல் சார், பிரபு திட்டத்துக்கு நீங்கள் சொன்ன சிக்கலுக்கு என் பதிலும் இதுதான். வெளியே இருந்து வரும் பொருளைவிட, கையில் இருக்கும் புத்தகத்தை வைத்துச் செய்வது அடுத்த ஆசிரியரிடமும் தங்கும்.

குற்றாலச்சாரல்:
அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போறோம்ங்கிறது உண்மை, மறுக்க மாட்டேன். ஆனா பத்தாம் வகுப்பு ஆசிரியர்கிட்ட தேர்ச்சி விழுக்காட்டைத்தான் கேக்குறாங்க. மீட்டிங்குல எத்தனை பிள்ளை பேசுதுன்னு யாரும் கேட்டதில்ல. பேசுறதுக்குப் பொதுத் தேர்வுலயே 10 மதிப்பெண் ஒதுக்கட்டும், அடுத்த ஜூன்லேர்ந்து தமிழ்நாடு பூரா வகுப்பு மாறிடும். அதைக் கேட்டு ஒண்ணாக் குரல் குடுக்கலாம். தனி ஆள் திரும்பி வர்றதுல மாறாதது அதுல மாறும்.

கரிசல்மகள்:
மதிப்பெண் ஒதுக்க வேண்டும் என்பதில் நான் முழுக்க உங்கள் பக்கம். ஆனால் அது வரும்வரை இன்று ஏழாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை காத்திருக்க முடியாது. ஏழாம் வகுப்புக்குப் பொதுத் தேர்வு இல்லை, தேர்ச்சி விழுக்காட்டு நெருக்கடியும் இல்லை. அதனால்தான் 6, 7, 8 எனக்கு வேண்டும் என்கிறேன். பத்தாம் வகுப்பை நான் கேட்கவே இல்லை.

தமிழைப் பயன்படுத்துவது பற்றி: 'போகவில்லை' உதாரணத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இலக்கணம் விளங்கவைக்கத் தமிழ், சரி. "கதவைச் சாத்து", "யார் இன்னும் முடிக்கவில்லை", "பக்கத்தில் இருப்பவனிடம் கேள்" இதெல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஒரு நாளைக்கு நூறு முறை காதில் விழும் மொழி அதுதான்.

தம்பி, உங்களுக்கு. சேவை என்ற சொல்லை நான் பயன்படுத்தவில்லை, பயன்படுத்தவும் மாட்டேன். அந்தப் பள்ளியில் என் அளவு அனுபவமுள்ள மற்ற ஆசிரியர் வாங்குவதற்குக் கீழே ஒரு ரூபாய்க்கும் கையெழுத்துப் போடமாட்டேன். மேலாண்மைக் குழு இடங்களுக்கு டெட் தேறியவர்களுக்கு முன்னுரிமை என்று தெரியும். நான் டெட் எழுதாதவள், அந்த வரிசையில் உங்களுக்கு முன்னால் வந்து நிற்கமாட்டேன். டெட்டும் போட்டித் தேர்வும் எழுதியே அரசுப் பள்ளிக்கு முயல்வேன். அதுவரை தனியார் பள்ளியில் நடுநிலை வகுப்புகள் மட்டும் கேட்கப் போகிறேன். மார்ச்சில் வருவது உறுதி.

காத்திருக்கும்_பட்டதாரி:
மற்ற ஆசிரியர் வாங்குவதே 14,000 என்னும்போது "அதற்குக் கீழே வாங்கமாட்டேன்" என்பது எங்களுக்கு உதவாது அக்கா. அதைவிட அதிகம் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் எழுந்து வாருங்கள். உங்களால் எழுந்து வர முடியும், எங்களால் முடியாது. சேமிப்பு இருப்பவர்கள் செய்ய வேண்டியது அதுதான். இந்த விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

டெட் பற்றி: இரண்டாம் தாளில் 150 கேள்விகள். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30. மீதி 60-க்கு ஆங்கில ஆசிரியருக்குத் தனிப் பகுதி கிடையாது. கணிதம்-அறிவியல் அல்லது சமூக அறிவியலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆங்கிலம் எடுத்தவர்கள் பெரும்பாலும் சமூக அறிவியல்தான் போவோம். கைடு வாங்காதீர்கள். 6 முதல் 10 வரை அரசுப் பாடநூல்கள் பாடநூல் கழகத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, மஸ்கட்டில் இருக்கும்போதே இறக்கிக்கொண்டு புவியியலிலிருந்து தொடங்குங்கள்.

குற்றாலச்சாரல்:
டீச்சர், 2025 செப்டம்பர் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்புறம், ஓய்வுக்கு அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்குற பழைய ஆசிரியர்களும் ரெண்டு வருஷத்துக்குள்ள டெட் தேறணும்னு ஆகிடுச்சு. நானும் அதுல வர்றேன். தமிழ், குழந்தை வளர்ச்சி ரெண்டுக்கும் நான் குறிப்பு எழுதி வச்சிருக்கேன், அனுப்புறேன். உங்க ஏழாம் வகுப்புல ஆங்கிலம் மட்டும்ங்கிறதைப் பத்தி ஜூலையில திரும்ப விவாதிப்போம்.