புதுப்பிப்பு: வெள்ளத்தனைய மலர் நீட்டம், திருத்திய ஓவியம்

பூக்களைக் கணினியில் வரைந்து ஊக்கமூட்டும் வரிகளைச் சேர்க்கும் என் முயற்சியில், 595ஆம் குறளுக்குத் தாமரை ஒன்றை வரைந்து சென்ற மாதம் இங்கே பகிர்ந்திருந்தேன். மேலிருந்து பார்த்த கோணத்தில் விரிந்த இதழ்கள் மட்டுமே அதில் இருந்தன. தண்டு எங்கே என்று ஒருவர் கேட்டபோதுதான் என் பிழை உறைத்தது. நீரின் ஆழம் எவ்வளவோ அவ்வளவே மலர்த்தண்டின் நீளம், அதுபோல ஊக்கத்தின் அளவே மனிதரின் உயர்வு என்று சொல்லும் குறளுக்குத் தண்டில்லாத பூ எப்படிப் பொருந்தும்?

ஆகவே குளத்தை நெடுக்காக வெட்டிப் பார்ப்பதுபோல், சேற்றிலிருந்து நீர்மட்டம்வரை முழுத் தண்டும் தெரியுமாறு மீண்டும் வரைந்திருக்கிறேன். பூவையும் மாற்றினேன். தாமரையின் பூவும் முதிர்ந்த இலைகளும் நீருக்கு மேலே எழுந்து நிற்பவை; அல்லியின் இலைகளோ நீர்ப்பரப்பிலேயே படர்ந்து மிதப்பவை என்பதால், நீரளவும் தண்டளவும் ஒன்றென்று கண்ணுக்குக் காட்ட அல்லியே எனக்கு ஏற்றதாகத் தோன்றியது. (தாமரையை விரும்பியவர்கள் பொறுத்தருள்க.)

எழுத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. வரையும் செயலி ஒற்றைக்கொம்பை அதற்குரிய எழுத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டதால், குறளை வேறொரு செயலியில் தட்டச்சு செய்து, படமாக மாற்றி ஒட்டினேன். முதலடியின் நான்கு சீரும் இரண்டாமடியின் மூன்று சீரும் உடையாமல், இப்போது தண்டின் இருபுறமும் நிற்கின்றன.

அடுத்து அனிச்சத்தை வரையுமாறு கேட்டிருந்தீர்கள். அது எந்தச் செடி என்பதில் ஒருமித்த கருத்து இல்லாததால், அதை இப்போதைக்குத் தொடப்போவதில்லை.