இடிமேகத்துக்கு 20 மைல் விலக ராமநாதபுரம் கரையில் இடம் ஏது?

தொண்டிக்காரன்:
கடும் இடிமேகத்திலிருந்து 20 மைலாவது விலகிப் பறக்கச் சொல்கிறது அமெரிக்க விமானப் போக்குவரத்து வழிகாட்டி. தூத்துக்குடியிலிருந்து செஸ்னா 172 போன்ற சிறு விமானத்தில் கரையோரமாக வடக்கே வருகிறவர் எங்கே விலகுவது? ராமேஸ்வரத்தைத் தாண்டினால் இலங்கை எல்லை. இங்கே அந்த விதி ஏட்டுச் சுரைக்காய். ரேடார் படத்தைப் பார்த்து, இரண்டு மேகங்களுக்கு நடுவே புகுந்து வந்துவிடலாம்.

மண்டபத்து மருமகன்:
கிழக்கே இடமில்லை என்றால் மேற்கே மதுரைக்குத் திரும்புங்கள் தம்பி. படத்தை அவ்வளவு நம்பாதீர்கள். தரவு இணைப்பு வழியாக விமானியின் திரைக்கு வரும் ரேடார் படம், திரை காட்டும் வயதைவிட 15 முதல் 20 நிமிடம் வரை கூடுதல் பழையதாக இருக்கலாம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் எச்சரித்தது. அதற்குள் உங்கள் இடைவெளி அடைபட்டுவிடும்.

தொண்டிக்காரன்:
படம் பழையது, சரி. கண்ணுமா பழையது? பகலில் மறுபக்கத்து வெயில் தெரிகிறது. மழையே இல்லாத இடத்தில் என்ன ஆபத்து, அண்ணா?

உச்சிப்புளி வாசகி:
எங்கள் ஊரில் ஐ.என்.எஸ். பருந்து ஓடுதளம் இருக்கிறதே, அங்கே இறங்கக் கூடாதா?

மண்டபத்து மருமகன்:
அது கடற்படைத் தளம், அம்மா. உயிராபத்தில் அவசர அழைப்பு விடுத்து இறங்குவது வேறு. அதை நம்பிப் புறப்படுவது வேறு.

தம்பிக்கு: மேகத்திலிருந்து குளிர்ந்து விழும் காற்று நிமிடத்துக்கு 6,000 அடி வேகத்தில்கூட இறங்கும். செஸ்னா 172 ஏறுவது நிமிடத்துக்குச் சுமார் 700 அடி. கழித்துப் பாருங்கள். விழுந்த காற்று தரையில் பட்டு விரிந்து, மழைக்கு வெகுதூரம் முன்னாலேயே ஓடும். தூறல் விழுமுன் புழுதி கிளம்புவதை நம் பக்கத்தில் பார்க்காதவர் யார்? தரையிறங்கும்போது அதில் சிக்கினால் மீள உயரமே இருக்காது.

தொண்டிக்காரன்:
அப்படியானால் ஆண்டில் பாதி நாள் விமானத்தைப் பூட்டி வைக்க வேண்டியதுதான்!

மண்டபத்து மருமகன்:
யார் சொன்னது? சித்திரையில் மேகம் பெரும்பாலும் பிற்பகலில்தான் திரளும், காலையிலேயே பறந்துவிடுங்கள். ஐப்பசி அப்படியல்ல. விடியலிலும் கடலிலிருந்து வரும். பரந்த மழைமேகத்துக்குள் இடிமேகம் ஒளிந்து நிற்கும். அப்போது கண்ணும் உதவாது.

தொண்டிக்காரன்:
மூடிய வானத்தில் நானும் கிளம்ப மாட்டேன். தனித்து நிற்கும் மேகத்தைச் சொல்கிறேன். அதற்குப் பத்து மைல் போதும்.

மண்டபத்து மருமகன்:
எதிலிருந்து பத்து? மேகத்தின் விளிம்பிலிருந்தா, திரையில் இருக்கும் படத்தின் விளிம்பிலிருந்தா?