டவுன்ஹால் ரோடு பக்கம் 10 ரூம் லாட்ஜ்: ஆன்லைன் புக்கிங்கில் சேரலாமா?

டவுன்ஹால்ரோடு10

வணக்கம். மதுரை டவுன்ஹால் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் லாட்ஜ். 3 ஏசி ரூம், வாடகை 1,200. நான்-ஏசி 7, வாடகை 600. 24 மணி நேர செக்-அவுட். சித்திரைத் திருவிழா, கார்த்திகை முதல் மகரஜோதி வரை ஐயப்ப சீசன், மே லீவு, முகூர்த்த நாள் எல்லாம் தானாக நிறைந்துவிடும். ஆடி, புரட்டாசி வாரநாட்களில் ஏசி ரூம்தான் பூட்டிக் கிடக்கிறது. இரண்டு புக்கிங் கம்பெனி ஆட்கள் வந்து பேசினார்கள். ஒருவர் கமிஷன் 18 சதவீதம் என்கிறார், இன்னொருவர் 22. வருட வரவு 17 லட்சம், ஜிஎஸ்டி எடுக்கவில்லை. சேர்ந்தால் ஜிஎஸ்டி கட்டாயமா? கையில் எவ்வளவு நிற்கும்? எத்தனை ரூம் கொடுக்கலாம்?

கணக்குப்பிள்ளை

ஜிஎஸ்டிக்கு முதலில் பதில். ஆன்லைனில் பொருள் விற்கிறவருக்கு உள்ள விதி வேறு, தங்கும் அறைக்கு வேறு. வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாத லாட்ஜ் புக்கிங் தளம் வழியாக ரூம் கொடுத்தால், அந்த ரூமுக்கான வரியைத் தளமே கட்ட வேண்டும். சட்டத்தின் 9(5) பிரிவு அது. சேர்ந்ததற்காக மட்டும் நீங்கள் ஜிஎஸ்டி நம்பர் எடுக்க வேண்டியதில்லை.

பலர் சறுக்குவது 20 லட்சக் கணக்கில். தளம் கமிஷன் கழித்து பேங்க்கில் போட்டதைக் கூட்டக் கூடாது, விருந்தாளி கொடுத்த முழு வாடகையைக் கூட்ட வேண்டும். அதே பான் நம்பரில் கீழே கடை வாடகை வந்தால் அதுவும் சேரும். உங்களுக்கு 3 லட்சம்தான் இடைவெளி, மாதாமாதம் பாருங்கள். தாண்டினால் நம்பர் எடுத்து, விருந்தாளியிடம் 5 சதவீதம் வாங்கிக் கட்ட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள ரூமுக்கு அதுதான் விகிதம், உள்ளீட்டு வரிக் கழிவு கிடையாது. அதாவது கமிஷன் மேல் அவர்கள் போடும் 18 சதவீத ஜிஎஸ்டி நம்பர் எடுத்தாலும் திரும்பி வராது. அதைச் செலவாகவே எழுதுங்கள்.

உங்கள் ஏசி ரூமை எடுத்துக்கொள்வோம். பட்டியலில் மேலே வர 10 சதவீதத் தள்ளுபடி கேட்பார்கள், 1,200 உடனே 1,080 ஆகிவிடும். 22 சதவீதக் கமிஷன் 237.60, அதன் மேல் ஜிஎஸ்டி 42.77. மிச்சம் 799.63. அதுவே 18 சதவீதம் என்றால் 850.61. வித்தியாசம் ராத்திரிக்கு 51 ரூபாய்தான், ஆகவே கமிஷனை விட அந்தத் தள்ளுபடிக்குத்தான் அதிகம் பேரம் பேச வேண்டும். தளம் பிடிக்கும் வருமான வரி டிடிஎஸ் 0.1 சதவீதம். உங்கள் பெயரிலேயே லாட்ஜ் இருந்து, அந்தத் தளத்தில் வருட விற்பனை 5 லட்சத்துக்குள் என்றால் பான் கொடுத்தாலே போதும், அதுவும் பிடிக்க மாட்டார்கள்.

கரண்ட், துணி வெளுப்பு, சோப்பு எல்லாம் சேர்த்து ஒரு ராத்திரிக்கு 200 என்று வைத்தால் 600 நிற்கிறது. பூட்டிய ரூமில் ஒன்றும் நிற்காது. ஆனால் நேரில் வருகிறவர் 1,200 கொடுக்கத் தயாராக இருக்கும் நாளில் அதே ரூமைத் தளத்துக்கு விட்டால் 400 ரூபாய் கைநட்டம். விற்க வேண்டியது பூட்டிக் கிடக்கும் ராத்திரியை மட்டும்தான். நான்-ஏசியைப் போடவே வேண்டாம், 540-க்கு விற்று 400 வாங்குவதில் அர்த்தமில்லை.

மேலமாசிவீதி

கணக்கு சரி. அதைவிடப் பெரிய சிக்கல் 24 மணி நேர செக்-அவுட், அதைத் தீர்க்காமல் சேராதீர்கள். நேற்று சாயங்காலம் 4 மணிக்கு வந்தவருக்கு இன்று 4 வரை ரூம். தளத்தில் புக் செய்தவர் பகல் 12 மணிக்குப் பெட்டியோடு வந்து நிற்பார். கொடுக்க ரூம் இருக்காது. வேறு லாட்ஜில் ஏற்றிவிடும் செலவு உங்கள் தலையில், அன்று எழுதும் விமர்சனம் வருடக்கணக்கில் நிற்கும்.

வழி ஒன்றுதான். தளத்துக்கு விடும் ரூம் நம்பரை முடிவு செய்து, அந்த ரூம்களுக்கு மட்டும் நேரில் வருகிறவருக்கும் 12-க்கு உள்ளே, 11-க்கு வெளியே என்று வையுங்கள். லெட்ஜரில் அந்த வரிகளைச் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள். ராத்திரி டூட்டி பையன் மாறினாலும் கண்ணில் படும்.

அடுத்தது விடிகாலை வண்டி. சென்னையிலிருந்து ராத்திரி ரயிலில் வருகிறவர் விடியுமுன் ஜங்ஷனில் இறங்கி 5 மணிக்குக் கதவைத் தட்டுவார். அவர் புக் செய்தது இன்றைய தேதி, ரூம் கிடைப்பதோ 12 மணிக்கு. வெளியூர் ஆட்களுக்கு இது புரிவதில்லை, சண்டை ரிசப்ஷனில் நடக்கும். லிஸ்டிங்கிலேயே ‘காலை 8-க்கு முன் வந்தால் அரை வாடகை கூடுதல், ரூம் காலியாக இருந்தால் மட்டும்’ என்று போடுங்கள். முந்தின நாள் மாலையே வாட்ஸ்அப்பில் எந்த வண்டி, எத்தனை மணி என்று கேளுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு வருகிறவர் தேதியை ஒரு நாள் தள்ளிப் போட்டு புக் செய்திருப்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டு பேர் என்று புக் செய்து ஐந்து பேர் வருவது கோயில் ஊரில் சகஜம். ஒரு ரூமுக்கு அதிகபட்சம் எத்தனை பேர், கூடுதல் மெத்தைக்கு எவ்வளவு, எந்த வயது வரை குழந்தைக்கு இலவசம் என்பதை எழுதிவிடுங்கள். சந்துக்குள் கார் வராது என்றால் ‘பார்க்கிங் இல்லை’ என்று முதல் வரியில் போடுங்கள்.

வைகைக்கரை

நான் சொல்வது சற்று வேறு. எந்தத் தளத்திலும் சேருமுன் கூகுள் மேப்பில் உங்கள் லாட்ஜ் பக்கத்தை உரிமை கோருங்கள், அதற்குக் காசு இல்லை. போர்டு, வாசல், ரூம், குளியலறை இவற்றைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துப் போடுங்கள். குளியலறைப் படம் இல்லாத லாட்ஜுக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் போன் பண்ணுவதில்லை. வாரம் ஒரு முறை அந்தப் பக்கத்தில் போன் நம்பரைச் சரிபாருங்கள். ‘திருத்தம் பரிந்துரை’ வழியாக மோசடிக்காரர்கள் தங்கள் நம்பரை நுழைத்து அட்வான்ஸ் வாங்கிவிடுகிறார்கள்.

சேர்வதானால் ஒரே தளம், இரண்டு ஏசி ரூம். இரண்டு தளத்தில் ஒரே ரூமைப் போட்டு, இருப்பைக் கையால் மாற்றிக்கொண்டிருந்தால் ஒரு நாள் இரண்டு புக்கிங் கட்டாயம் விழும். எல்லாத் தளத்திலும் இருப்பைத் தானாக மாற்றும் சேனல் மேனேஜர் மென்பொருளுக்கு மாதக் கட்டணம் உண்டு, இரண்டு ரூமுக்கு அது கட்டாது. ‘லாட்ஜில் பணம்’ என்ற முறையைத் தவிர்த்து முன்பணம் கட்டும் முறையைக் கேளுங்கள். லாட்ஜில் பணம் என்றால் வராத ஆள் அதிகம். கெடுவுக்குள் ‘நோ-ஷோ’ (ஆள் வரவில்லை) என்று குறிக்காவிட்டால் வராதவருக்கும் கமிஷன் பில் வரும்.

டவுன்ஹால்ரோடு10

எல்லாருக்கும் நன்றி. இரண்டு ரூமோடு தொடங்குகிறேன். ஒப்பந்தத்தில் ‘தளத்தில் உள்ள விலையைவிடக் கவுண்டரில் குறைக்கக் கூடாது’ என்று ஒரு வரி இருக்கிறது. சித்திரைத் திருவிழாவுக்கு என்ன செய்வது?

கணக்குப்பிள்ளை

அந்த வரியை அடித்துத் தரச் சொல்லுங்கள். இதே மாதிரி விலைக் கட்டுப்பாட்டை நீக்கும்படி இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் மேக்மைட்ரிப்–கோஐபிபோ புக்கிங் கம்பெனிக்கு உத்தரவு போட்டு அபராதமும் விதித்தது. அதைச் சொல்லிக் கேட்டால் பேச வருகிறவர்கள் இறங்கி வருவார்கள். தராவிட்டால் அடுத்த தளத்தைப் பாருங்கள்.

மேலமாசிவீதி

திருவிழாவுக்கு: எவ்வளவு நாள் முன்னால் புக் செய்யலாம் என்பதற்கு ஒரு செட்டிங் இருக்கும். எதுவும் செய்யாமல் விட்டால் வருடம் முழுக்கத் திறந்தே கிடக்கும், அழகர் ஆற்றில் இறங்கும் நாளை யாரோ ஆறு மாதம் முன்பே 1,080-க்கு எடுத்துவிடுவார். அதை 45 நாளாகச் சுருக்குங்கள். பஞ்சாங்கத்தில் சித்ரா பௌர்ணமி பார்த்து, கொடியேற்றத்திலிருந்து அழகர் மலைக்குத் திரும்பும் வரை அந்த இரண்டு ரூமையும் தளத்தில் மூடுங்கள். தை முதல் மூன்று நாள், அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்கும் அப்படியே. அப்போது வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள், பாஸ்போர்ட், விசா நகல் வாங்கி 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) தளத்தில் ஏற்றவேண்டும். அந்த லாகின் இல்லையென்றால் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள் அண்ணே, ஆள் வந்து நிற்கும்போது ஓடினால் கிடைக்காது.